ஏழின் குறுக்குக் கோடு

ஹேவீஸ் ஏரியில் மார்ச் மாதம்
தண்ணீருக்கு மட்டும் கோடை.
ரப்பர் வளையங்களில் மிதக்கிறோம்,
ஆவிக்குள் தொப்பி போட்ட இருபது முப்பது தலைகள்.

இங்கே யாரும் முதலில் பெயர் கேட்பதில்லை.
முட்டியா இடுப்பா என்றுதான் பேச்சு தொடங்கும்.
"முட்டி" என்றேன்.
"தோள்" என்றார் பக்கத்து வளையத்துக்காரர்,
"நாற்பது வருஷம் மாட்டு வயிற்றுக்குள் கைவிட்ட தோள்."

எந்த ஊர்?
குன்ஹெட்யெஷ்.
நாங்கள் கார்ட்சக், பக்கத்தில்தான்.
பக்கத்து ஊர்க்காரரைப் பார்ப்பதற்கு
நாட்டின் மறு ஓரம் வரை ரயிலேறி வந்திருக்கிறோம்
என்று சிரித்தார்.

மாட்டு டாக்டர். குன்ஹெட்யெஷ்.
இரண்டு சொற்களும் கொஞ்ச நேரம் தனித்தனியே மிதந்தன.
அப்புறம்தான் என் கால்களுக்கு அடியில்
ஏரி எவ்வளவு ஆழம் என்பது நினைவுக்கு வந்தது.

"உங்கள் டெலிபோன் நம்பர்
ஏழில் முடியுமா?"
அவருடைய வளையம் மெதுவாக என் பக்கம் திரும்பியது.
"எனக்கு ஒன்றில் முடியும்" என்றேன்.
"மற்றதெல்லாம் உங்களுடையதுதான்."

பதினாறு வருஷம்.
தீவனக் கடைக்காரன் ஒரு புத்தாண்டுக்கு அச்சடித்த காலண்டரில்
ஏழின் குறுக்குக் கோடு விழவில்லை.
அதைப் பார்த்து ஜனங்கள்
தொழுவக் கதவில் பெயிண்டால் எழுதிக்கொண்டார்கள்.
காலண்டரைக் கிழித்தாயிற்று.
கதவை யார் கிழிப்பது?

மணி அடித்தால்
எங்கோ ஒரு பசு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது,
குதிரைக்கு இருமல்,
வாத்து எதையோ விழுங்கிவிட்டது.
ராங் நம்பர், ஒன்று இல்லை ஏழு, ராங் நம்பர்.
என் வீட்டுக்காரர் எலெமேர் தூக்கத்தில்கூட
"ஏழு" என்று முனகுவார்.

டாக்டர் சிரித்துச் சிரித்து
தண்ணீர் குடித்துவிட்டார்.
அந்தச் சிரிப்பில் மயங்கித்தான்
இதையும் சொன்னேன்:

ஒரு பிப்ரவரி, இரவு இரண்டு மணி.
ஒரு பையன். குரல் இன்னும் உடையவில்லை.
அப்பா ஊரில் இல்லை,
ஆட்டுக்குட்டி விறைத்துக் கிடக்கிறது.
ராங் நம்பர் தம்பி, ஏழு.
ஐந்து நிமிஷத்தில் மறுபடி அவனே.
ஏழில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது,
யாரும் எடுக்கவில்லை.
அப்புறம் பேசவில்லை. வைக்கவும் இல்லை.

நான் ரொட்டி ஆலையில் கணக்கெழுதுகிறவள்.
ஆட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது
பாத்திரத்துக்குள் போன பிறகுதான்.
இருந்தாலும் சொன்னேன்.
அடுப்போரம் கொண்டு வா. துண்டால் தேய்.
மாவு பொங்குகிற சூடு போதும், அதற்கு மேல் கூடாது.
வாயில் விரலை வை. சப்புகிறதா?
கொஞ்சம் என்றான்.
அப்படியானால் பால், சொட்டுச் சொட்டாக.

டாக்டர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"அந்தக் குட்டி பிழைத்தது" என்றார்.
"பெரிதாகி ஆறு முறை ஈன்றது.
அன்று நான் வேறொரு பண்ணையில்,
தலைச்சன் குதிரைக்குப் பேறு பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள் போனால், உங்கள் வீட்டம்மா
போனில் சொன்னபடியே செய்தோம் என்றார்கள்.
வீட்டில் வந்து கேட்டேன்.
ஆமாம், நான்தான் சொன்னேன் என்றாள்."

ஆவி எங்களுக்கு நடுவில் வந்து நின்றது.

"ராத்திரி நேரம்" என்றேன்,
"பையன் இரண்டாவது தடவையும்
தப்பாகச் சுழற்றியிருக்கலாம்."
"இருக்கலாம்" என்றார்.
"இருட்டு வேறே" என்றேன்.
"ஆமாம், இருட்டு."

மரப்படியில் ஒரு பெண் வந்து நின்றாள்,
பச்சை அங்கி, கையில் இரண்டு டம்ளர்.
"வென்டெல், தோள் எப்படி இருக்கு?
யாரோடு இவ்வளவு பேச்சு?"

அவர் என்னைப் பார்த்தார்.
நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"கார்ட்சக்காரர்" என்றார்.
"முட்டி வலியாம்."